கியோட்டோவா, நாராவா, கோயாசானா? ஜப்பானில் பழைய புத்தர் கோயில் பார்க்க எங்கே போகலாம்

ஒசாகாவுக்கு வேலைக்கு வந்ததிலிருந்து, ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். டோக்கியோ முடிந்தது, ஃபுஜி மலை முடிந்தது, மூன்று நாள் மிச்சம் இருக்கிறது, பழைய புத்தர் கோயில்கள் பார்க்க வேண்டும், எங்கே போகலாம்? கேட்கும்போதே பாதிப் பேர் மூன்று நாளுக்கும் கியோட்டோவில் அறை எடுத்து முடித்திருப்பார்கள். இன்னும் அறை எடுக்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கியோட்டோவுக்கு அரை நாள், நாராவில் ஒரு ராத்திரி, கோயாசான் மலையில் ஒரு ராத்திரி. டோக்கியோவை விட்டு நகரவே முடியாதவர்களுக்குக் காமகுரா. கியோட்டோ மோசம் என்று சொல்லவில்லை, நானே வருஷத்துக்கு நாலு தடவையாவது போகிறேன். ஆனால் 'பழைய கோயில்' என்று நீங்கள் மனதில் வைத்திருப்பது எது என்பதைப் பொறுத்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதை யோசிக்காமல் போகிறவர்கள்தான் திரும்பி வந்து "எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சு" என்கிறார்கள்.

முதலில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்குக் கல் கோயில் பார்த்துப் பழகிய கண். ஆயிரம் வருஷத்துக் கோயில் என்றால் ஆயிரம் வருஷத்துக் கல் அங்கே நிற்கும். ஜப்பானியக் கோயில்கள் மரம். இடி விழுந்தால் எரியும், சண்டை வந்தால் எரியும், பக்கத்துத் தெருவில் தீப்பிடித்தால் எரியும், எரிந்ததும் அதே இடத்தில் அதே மாதிரி மறுபடி கட்டுவார்கள். அதனால் ஒவ்வொரு கோயிலுக்கும் மூன்று வயது: கோயில் தொடங்கிய வருஷம், இப்போது நிற்கிற கட்டடத்தின் வருஷம், உள்ளே இருக்கிற சிலையின் வருஷம். பயணக் கையேடுகளில் கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் முதல் வயது மட்டும்.

கியோட்டோவின் கியோமிசுதேராவையே எடுத்துக்கொள்ளுங்கள். மலைச் சரிவில் 13 மீட்டர் உயரத்துக்கு மரத்தூண்களை நட்டு, அதன் மேல் மேடை போட்டுக் கட்டிய கோயில், படம் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். தொடங்கியது 778-இல், இப்போது நிற்கிற மண்டபம் 1633-இல் கட்டியது. தங்கத் தகடு போர்த்திய கின்காகுஜி இன்னும் இளசு, 1950-இல் ஓர் இளம் துறவி தீ வைத்ததில் சாம்பலாகிப் போனதை 1955-இல் மறுபடி எழுப்பினார்கள். போதாததற்கு 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போரில் கியோட்டோ நகரத்தின் பெரும்பகுதியே எரிந்து போனது. நகர எல்லைக்குள் மிஞ்சியிருக்கிற மிகப் பழைய கட்டடம் தென்கிழக்கு ஓரத்தில் உள்ள தைகோஜியின் ஐந்து அடுக்கு பகோடா, அதாவது கூரைமேல் கூரையாக அடுக்கிய மரக் கோபுரம், 951-ஆம் வருஷத்தது. அதைப் பார்க்க வருகிற கூட்டம் கின்காகுஜிக்கு வருகிறதில் ஒரு சிறு பங்குகூட இருக்காது.

அப்படியானால் கியோட்டோவில் பழசு எது? தோட்டம், சிலை, அப்புறம் தியானத்தை முதன்மையாக வைக்கிற ஜென் பிரிவு மடங்களின் நடைமுறை. ரியோஆன்ஜியின் கல் தோட்டத்தில் வெள்ளைச் சரளைக்கு நடுவே 15 பாறைகள், திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் 14-தான் கண்ணில் படும். காலை முதல் ஆளாகப் போய்ப் பத்து நிமிஷம் பேசாமல் உட்கார முடிந்தால் அந்த இடம் என்ன செய்கிறது என்பது புரியும், பகல் 11 மணிக்கு நூறு பேர் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கும்போது புரியாது. தோட்டத்துக்காகவே வருகிறவர் என்றால் இந்தக் கட்டுரையில் மற்றதை மறந்துவிட்டு மூன்று நாளும் கியோட்டோவிலேயே இருங்கள், அதற்கு ஈடான ஊர் வேறு இல்லை.

தோட்டம் அல்ல, கோயில் என்றால் கியோட்டோவில் இரண்டை மட்டும் சொல்வேன், இரண்டும் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். ஒன்று சஞ்சூசங்கெந்தோ. 1266-இல் கட்டிய, கிட்டத்தட்ட 120 மீட்டர் நீளமுள்ள ஒரே மண்டபம். உள்ளே ஆளுயரத்தில் ஆயிரம் கன்னோன்கள், அதாவது கருணையின் வடிவான அவலோகிதேஸ்வரர்கள், பத்து வரிசையில் நிற்கிறார்கள், நடுவில் பெரியதாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வழுவழுப்பான மரத்தரையில் அந்த நீளத்தை நடந்து முடிக்கிறவரை ஒரு பக்கம் முழுக்கத் தங்க முகங்கள். படம் எடுக்க அனுமதி இல்லை, அதனால் எல்லோரும் கண்ணால்தான் பார்க்கிறார்கள், அதுவே பெரிய நிம்மதி. முன் வரிசையில் காவல் நிற்கிற 28 பேரில் கருடன் உண்டு, அசுரர் உண்டு.

இன்னொன்று தோஜி. கூகாய் என்கிற துறவியிடம் 823-இல் பேரரசர் ஒப்படைத்த கோயில். அதன் பகோடா கிட்டத்தட்ட 55 மீட்டர், ஜப்பானில் மரத்தால் ஆனவற்றில் இதுதான் உயரம், கட்டியது 1644-இல். நான் சொல்ல வருவது பகோடாவை அல்ல, கோதோ என்கிற விரிவுரை மண்டபத்தை. போன நவம்பரில் அப்பா அம்மாவை அங்கே கூட்டிப் போயிருந்தேன். வெளி வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியாத இருட்டு, கண் பழகப் பழக ஒவ்வொன்றாக 21 உருவங்கள் மேலெழுந்து வருகின்றன. அம்மா ஒரு கோடியில் போய் நின்றுகொண்டு நகரவே இல்லை. நாலு முகம், கீழே அன்னங்கள். "பிரம்மாதானேடா இது?" என்றார். பிரம்மாவேதான், இங்கே பேர் போன்தென். மறு கோடியில் யானை மேல் இந்திரன், அவருக்கு இங்கே தைஷாகுதென். அந்த மண்டபத்துச் சிலைகளில் பெரும்பாலானவை 9-ஆம் நூற்றாண்டில் செதுக்கியவை. 'நம்ம சாமி இங்கேயும் இருக்கு' என்று பெருமைப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு சமயம் எத்தனை நாடு கடந்து, யார் யாரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறது என்பது அந்த இருட்டில் நிற்கும்போது உடம்புக்கே தெரிகிறது.

சரி, நாராவுக்கு வருவோம்.

710-இலிருந்து 784 வரை நாராதான் தலைநகரம். பிறகு தலைநகரம் போய்விட்டது, கோயில்கள் தங்கிவிட்டன. கியோட்டோவிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்தான், அதனால் பெரும்பாலானவர்கள் காலையில் வந்து மானுக்கு பிஸ்கட் கொடுத்து, பெரிய புத்தரைப் பார்த்துவிட்டு மூன்று மணி ரயிலில் திரும்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்று கெஞ்சாத குறையாக எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். ராத்திரி தங்கினால்தான் அந்தி நேரம் உங்களுக்குக் கிடைக்கும். அந்தப் பெரிய புத்தர் இருக்கிற தோதாய்ஜிக்குப் பின்னால் மேட்டில் இருக்கிற நிகாட்சுதோ மண்டபத்துக்குக் கதவு சாத்துகிற நேரம் என்று ஒன்று இல்லை, கட்டணமும் இல்லை. இருட்டத் தொடங்கியதும் மாடத்தில் தொங்குகிற விளக்குகளை ஏற்றுகிறார்கள், கீழே நாரா நகரம், தூரத்தில் மலை, பக்கத்தில் ஒன்றிரண்டு உள்ளூர்க்காரர்கள் கைகூப்பிவிட்டு இறங்கிப் போகிறார்கள். அங்கே மார்ச் மாதம் தீப்பந்தங்களோடு நடக்கிற சடங்கை 752 முதல் ஒரு வருஷம்கூட விடாமல் நடத்தி வருகிறார்கள். மண்டபமே எரிந்து போன வருஷத்திலும் விடவில்லை.

தோதாய்ஜியின் பெரிய புத்தர் வெண்கலத்தில் 15 மீட்டர். இரண்டு முறை, 1180-இலும் 1567-இலும், போரில் மண்டபம் எரிந்து சிலை உருகிச் சிதைந்தது. இப்போது பார்க்கிற தலை 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வார்த்தது, மண்டபம் 1709-இல் கட்டியது. முதல் மண்டபத்தின் அகலம் 86 மீட்டராம், இப்போது 57 மீட்டர், அதற்கே வாய் பிளக்க வேண்டியிருக்கிறது. பீடத்துத் தாமரை இதழ்களில் மட்டும் 8-ஆம் நூற்றாண்டு இன்னும் மிச்சம் இருக்கிறது, கம்பி போன்ற கோடுகளில் புத்த உலகங்களைச் செதுக்கியிருப்பார்கள்.

இந்தச் சிலைக்கும் நம் பக்கத்துக்கும் நிஜமாகவே ஓர் உறவு உண்டு. சிலை செய்து முடித்ததும் கண் திறக்கிற வழக்கம் நம் ஊர் ஸ்தபதிகளுக்கு எப்படியோ அப்படித்தான் இங்கேயும். 752-இல் இந்தப் புத்தருக்குத் தூரிகை பிடித்துக் கண் திறந்தவர் போதிசேனர், 736-இல் ஜப்பானுக்கு வந்த இந்தியத் துறவி. அவருடைய நினைவுக் கல்வெட்டு வாசகமே அவரைத் தென்னிந்தியப் பிராமணர் என்றுதான் சொல்கிறது. அவர் பிடித்த தூரிகையிலிருந்து நீண்ட கயிறுகளை இழுத்து, கீழே நின்ற கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டதாம், எல்லோர் கையும் சேர்ந்து கண் திறந்ததாக ஆகட்டும் என்று. அந்தத் தூரிகையும் நீலக் கயிறும் ஷோசோயின் என்கிற கருவூலத்தில் இன்றும் இருக்கின்றன. இதைச் சொன்னதும் அப்பா மறுபடி ஒருமுறை சிலையைச் சுற்றி வந்தார், இந்தத் தடவை கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு.

வழியில் கோஃபுகுஜி. அதன் பெரிய பகோடா பல வருஷப் பழுதுபார்ப்பில் மூடிக்கிடக்கிறது, அதற்காகப் போக வேண்டாம். அருங்காட்சியக மண்டபத்தில் இருக்கிற அசுரருக்காகப் போங்கள். 734-இல் செய்தது, மூன்று முகம், ஆறு கை. நம் மனதில் இருக்கிற அசுரன் போலவே இல்லை, பள்ளிக்கூடம் போகிற பையன் அழுவதற்கு முன்னால் புருவத்தைச் சுருக்குவானே, அந்த முகம். துணியை அரக்குப் பாலில் நனைத்து அடுக்கி உள்ளீடற்றதாகச் செய்திருப்பதால் எடை 15 கிலோ அளவுதான், தீப்பிடித்தபோதெல்லாம் துறவிகள் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க முடியும்.

நாரா என்று நான் அடித்துச் சொல்வதற்கு உண்மையான காரணம் ஹோர்யூஜி. நாராவிலிருந்து ரயிலில் 12 நிமிஷம், இறங்கி இருபது நிமிஷ நடை. ஷோதோகு இளவரசர் 607-இல் நிறுவியது, 670-இல் எரிந்து, ஏழாம் நூற்றாண்டு முடிந்து எட்டு தொடங்குகிற காலத்தில் மறுபடி கட்டியது. உலகத்தில் இன்று நிற்கிற மரக் கட்டடங்களில் இதைவிடப் பழையது இல்லை. இங்கே அந்த மூன்று வயதும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகிறது. நீங்கள் பார்க்கிற தூண், அந்தக் காலத்தில் நட்ட தூண்.

தூண்கள் நடுவில் லேசாகப் பருத்திருக்கும். பிராகாரத்தில் நடக்கும்போது ஒன்றின் பக்கத்தில் போய் நின்று பாருங்கள், வெயிலும் மழையும் மென்மையான பகுதியைத் தின்றுவிட்டதால் மரத்தின் ரேகைகள் நரம்பு போல மேலே எழுந்திருக்கின்றன, அடிப்பகுதி உளுத்த இடத்தில் புது மரத்தை அளவெடுத்துப் பொருத்தி ஒட்டுப் போட்டிருக்கிறார்கள், அந்த ஒட்டே பல நூறு வருஷம் பழசாகித் தாய்மரத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. பகோடாவின் உயரம் 32 மீட்டர் சொச்சம். எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் கீழ்த்தளத்தின் வடக்குப் பக்கம் போய்க் கம்பி வலைக்குள் எட்டிப் பாருங்கள். புத்தர் படுத்த நிலையில் இறந்து கிடக்கிறார், சுற்றிலும் முழங்கை உயரம்கூட இல்லாத களிமண் சீடர்கள். 711-இல் செய்தவை. ஒருவர் வாய் திறந்து அலறுகிறார், ஒருவர் மார்பில் அடித்துக்கொள்கிறார், விலா எலும்பு தெரிகிறது. சாவு வீட்டில் முதல் வரிசையில் நிற்கிறோம் என்று தோன்றும். ஜப்பான் என்றாலே அடக்கம், மௌனம் என்று நினைத்திருந்தவர்கள் இந்த அழுகையை ஒருமுறை பார்க்க வேண்டும்.

பக்கத்துக் கொந்தோ மண்டபத்தில் 623 என்று பின்புறம் பொறித்த சாக்கியமுனியின் வெண்கலச் சிலை. அந்த மண்டபத்துச் சுவரோவியங்கள்தான் 1949 ஜனவரி 26-ஆம் தேதி தீயில் கருகிப் போயின. நாடே கலங்கிப்போய் அடுத்த வருஷமே பண்பாட்டுச் சொத்துகளைக் காக்கச் சட்டம் கொண்டு வந்தது, இன்றும் அந்தத் தேதியில் நாடெங்கும் கோயில்களில் தீயணைப்புப் பயிற்சி நடக்கிறது. கட்டணத்தை 2025-இல் 2,000 யென் ஆக்கிவிட்டார்கள், மற்ற கோயில்களைவிட மிக அதிகம்தான். ஆனாலும் இந்த மரத்தைக் காப்பாற்ற என்ன செலவாகும் என்று யோசித்தால் எனக்குக் கொடுக்க மனசு வருகிறது. இதே கோயிலின் யுமெதோனோ மண்டபத்தில் இருக்கிற குசே கன்னோன் சிலையை ஏப்ரல் 11 முதல் மே 18 வரையும், அக்டோபர் 22 முதல் நவம்பர் 22 வரையும் மட்டும்தான் திறந்து காட்டுவார்கள், தேதி ஒத்துவந்தால் விடாதீர்கள்.

இன்னொரு நாள் இருந்தால் தோஷோதாய்ஜி. சீனத் துறவி கன்ஜின், ஜப்பானுக்குக் கடல் கடந்து வர ஐந்து முறை முயன்று தோற்று, அலைச்சலில் கண் பார்வையும் போய், ஆறாவது முறை வந்து சேர்ந்து 759-இல் நிறுவிய மடம். பெரிய மண்டபம் 8-ஆம் நூற்றாண்டுடையது. கூட்டமே இருக்காது. பத்து நிமிஷ நடையில் யாகுஷிஜி, அதன் கிழக்குப் பகோடா 730-ஆம் வருஷத்தது, எதிரே இருக்கிற மேற்குப் பகோடா 1981-இல் கட்டியது. பழசையும் புதுசையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

இப்போது கோயாசான். நாராவும் இதுவும் ஒன்றோடொன்று போட்டி போடுகிற இடங்களே அல்ல. நாராவில் நீங்கள் பார்க்கிறீர்கள், கோயாசானில் நீங்கள் இருக்கிறீர்கள். தோஜியில் பெயர் சொன்னேனே, அதே கூகாய், 816-இல் பேரரசரிடம் கேட்டு வாங்கிய மலை. கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேலே ஒரு தட்டையான பள்ளத்தாக்கு, அதில் நூற்றுக்கு மேற்பட்ட மடங்கள், ஐம்பது மடங்கள் வரை வெளியாட்களைத் தங்க வைக்கின்றன. ஒசாகாவின் நாம்பாவிலிருந்து ரயில், கடைசியில் மலை ஏறுகிற கேபிள் கார், அப்புறம் பஸ், மொத்தம் இரண்டு மணி நேரம் ஆகும். 1872 வரை பெண்களை மேலே விடவில்லை. அவர்கள் வந்து நின்று கும்பிட்டுத் திரும்பிய பெண்கள் மண்டபம் ஒன்று இன்றும் எல்லையில் இருக்கிறது, அம்மா அதன் முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

மடத்தில் தங்குவது ஹோட்டல் மாதிரி இருக்காது. பாய் விரித்த அறை, தாள் ஒட்டிய இழுவைக் கதவு, பல மடங்களில் பொதுக் குளியலறை, சாயங்காலம் ஐந்தரைக்கே சாப்பாடு. நவம்பர் கடைசியில் நல்ல குளிர், அறையில் ஹீட்டர் இருந்தாலும் தாழ்வாரத்தில் காலை வைத்தால் ஐஸ் மேல் வைத்தது போல இருக்கும், வயசானவர்களோடு போனால் தடித்த காலுறை கட்டாயம். ஆளுக்கு ராத்திரிக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டோடு 15,000 யென் முன்பின் ஆகும், தனிக் குளியலறை கேட்டால் இன்னும் ஏறும்.

ஆனால் அந்தச் சாப்பாடு! சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஜப்பானில் நிம்மதியாகச் சாப்பிடக் கிடைக்கிற இடங்களில் இதை முதலில் வைப்பேன். வெளியில் காய்கறி சூப் என்று கொடுப்பதில்கூடத் தாஷி இருக்கும், மாசிக் கருவாடு மாதிரி காய வைத்த சூரை மீனில் எடுத்த சாறு. அம்மா ஒரு வாரமாக வெறும் சோறும் ஊறுகாயும் கையில் கொண்டு வந்த பருப்புப் பொடியுமாக ஓட்டிக்கொண்டிருந்தார். மடத்துச் சமையலில் மீன், கறி மட்டுமல்ல, வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. உறைய வைத்து உலர்த்திய கோயா தோஃபு, எள்ளை அரைத்துக் கிழங்கு மாவோடு கிண்டிய எள் தோஃபு, காய்கறி தெம்புரா. எள் தோஃபுவை வாயில் வைத்ததும் அம்மா சொன்னது, "எங்க பாட்டி கிண்டுற உளுந்தங்களி பதத்துல இருக்கு."

காலை ஆறு மணிக்கு வழிபாடு. சில மடங்களில் அதோடு கோமா நடக்கும். தரையில் உட்கார்ந்திருக்கிறோம், நடுவில் துறவி மரக்குச்சிகளை ஒவ்வொன்றாக நெருப்பில் போடுகிறார், எண்ணெய் விடுகிறார், பெரிய மேளம் நெஞ்சுக்கூட்டில் அதிர்கிறது, தீ கூரையைத் தொடப் போகிறதோ என்கிற அளவுக்கு எழும்புகிறது. கோமா என்பது ஹோமம்தான், சொல்லும் சடங்கும் சேர்ந்தே சீனா வழியாக வந்திருக்கின்றன. கூகாய் சீனாவில் படித்தபோது அங்கே இருந்த இந்தியத் துறவி பிரக்ஞரிடம் சமஸ்கிருதம் கற்றவர், சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட 'சித்தம்' என்கிற பழைய இந்திய எழுத்துமுறையை இந்த நாட்டில் வேரூன்ற வைத்தவர். ஜப்பானியப் பிள்ளைகள் இன்று படிக்கிற எழுத்து வரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கிப் பிறகு க, ச, த, ந என்று போவதற்கும் அந்தப் படிப்புத்தான் மூலம்.

வழிபாடு முடிந்ததும் ஒகுனோயின். இரண்டு கிலோமீட்டர் பாதை, இரு பக்கமும் வானம் தெரியாத அளவுக்கு ராட்சச தேவதாரு மரங்கள், அவற்றுக்கு இடையில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட பிரபுக்களின் கல்லறைகள் எதிரெதிரே பாசி பிடித்து நிற்கின்றன. பல கல்லறைகள் ஐந்து வடிவம் அடுக்கியவை: அடியில் சதுரம் மண், உருண்டை நீர், அதன் மேல் கூரை போல நெருப்பு, அரை வட்டம் காற்று, உச்சியில் ரத்தின வடிவம் ஆகாயம். பஞ்சபூதம்தான், ஒவ்வொன்றிலும் ஒரு சித்தம் எழுத்து. பாதையின் கடைசியில் கூகாயின் சமாதி. 835-இல் அவர் இறந்ததாக இங்கே யாரும் சொல்வதில்லை, தியானத்தில் இருக்கிறார் என்கிறார்கள். தினமும் காலை ஆறுக்கும் பத்தரைக்கும் துறவிகள் மரப்பெட்டியில் அவருக்குச் சாப்பாடு சுமந்துகொண்டு போகிறார்கள். பத்தரை மணிச் சாப்பாட்டுக்கு நாங்கள் ஓரமாக ஒதுங்கி நின்றோம். இரண்டு பேர் பெட்டியைச் சுமக்க, முன்னால் ஒருவர், மூவரும் வெகு சாதாரணமாக நடந்து போனார்கள். வீட்டில் பெரியவருக்குச் சாப்பாடு எடுத்துப் போகிற நடை அது.

காமகுராவைப் பற்றிக் கொஞ்சம். டோக்கியோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம், போய்விட்டு அன்றே திரும்பலாம், அதுதான் அதன் பெரிய பலம். கோதோகுயினில் திறந்த வெளியில் உட்கார்ந்திருக்கிற வெண்கலப் புத்தர் 11 மீட்டருக்கு மேல், 1252-இல் வேலை தொடங்கியது. சுற்றி இருந்த மண்டபம் புயலிலும் கடல் அலையிலும் போன பிறகு மறுபடி கட்டவே இல்லை, ஐந்நூறு வருஷத்துக்கு மேலாக மழையிலும் வெயிலிலும் உட்கார்ந்து பச்சை பூத்துப் போயிருக்கிறார். நாராவின் புத்தர் பிரமிக்க வைப்பார், இவர் பக்கத்தில் உட்காரத் தோன்றும். கிதா காமகுராவில் எங்காகுஜி, மங்கோலியப் படையெடுப்பில் இரு பக்கமும் செத்தவர்களுக்காக 1282-இல் கட்டிய ஜென் மடம், எதிரியின் ஆத்மாவையும் சேர்த்து. ரயிலை விட்டு இறங்கினால் வாசல். டோக்கியோவில் ஒரே ஒரு பகல் மட்டும் மிச்சம் என்றால், அதில் கியோட்டோவுக்குப் புல்லட் ரயிலில் ஓடித் திரும்புவதைவிடக் காமகுரா எவ்வளவோ மேல்.

முருகனைத் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கியோட்டோவுக்கும் நாராவுக்கும் நடுவே ஊஜியில் மான்புகுஜி என்று ஒரு சீனப் பாணி ஜென் மடம், 1661-இல் தொடங்கியது. முன் மண்டபத்தில் தொந்திச் சாமியைப் பார்த்துவிட்டு எல்லோரும் போய்விடுவார்கள். பின்பக்கம் சுற்றிப் போங்கள், கவசம் போட்ட இளம் வீரன் ஒருவன் நிற்பான், பேர் இதாதென். ஸ்கந்தன் என்கிற பெயர் சீனம் வழியாக உருமாறி வந்தவர்.

நடைமுறை விஷயங்களில் மூன்று மட்டும். பெரும்பாலான கோயில்கள் சாயங்காலம் நாலரை, ஐந்துக்குள் மூடிவிடும், கடைசி டிக்கெட் அதற்கும் அரை மணி முன்னால். நாங்கள் ஒரு நாள் கியோட்டோவில் கூட்டமான பஸ் மூன்றைத் தவறவிட்டு, நாலு மணி தாண்டி ஒரு கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்து, சாத்துகிற கதவைப் பார்த்துத் திரும்பினோம். இரண்டாவது, கழற்றி மாட்ட எளிதான செருப்பு. ஒரு நாளில் பத்துத் தடவை கழற்ற வேண்டிவரும், முழங்கால் வலி இருக்கிறவர்களுக்குக் கயிறு கட்டுகிற ஷூ பெரிய சித்திரவதை. மூன்றாவது, நவம்பர் இரண்டாம் பாதியில் இலை சிவக்கிற நேரம், ஏப்ரல் தொடக்கத்தில் செர்ரிப் பூ நேரம், இந்த இரண்டு சமயத்திலும் கியோட்டோவில் கூட்டம் தாங்காது. அப்போதும் ஹோர்யூஜியில் மூச்சு விட இடம் இருக்கும்.

மூன்று நாளை நான் அடுக்குவது இப்படி. டோக்கியோவிலிருந்து காலை ரயிலில் கியோட்டோ, பெட்டியை நிலையத்து லாக்கரில் போட்டுவிட்டுத் தோஜியும் சஞ்சூசங்கெந்தோவும், மூன்று மணிக்குள் நாரா ரயில், அந்தியில் நிகாட்சுதோ. மறுநாள் காலை தோதாய்ஜி திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள், சுற்றுலா பஸ்கள் வருவதற்குள் பெரிய புத்தரோடு கொஞ்ச நேரம் தனியாக இருக்கலாம். ஒன்பதரைக்குக் கிளம்பினால் ஹோர்யூஜிக்கு இரண்டு மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும். அந்த ரயில் பாதையே ஒசாகா பக்கம்தான் போகிறது, ஷின் இமாமியாவில் இறங்கி அங்கேயே கோயா பாதைக்கு மாறிக்கொள்ளலாம், நகரத்துக்குள் அலைய வேண்டாம். நாலு மணி வாக்கில் மலை மேல் இருப்பீர்கள். மடங்களில் தாமதமாகப் போனால் சாப்பாடு கிடைக்காது, அதனால் ஹோர்யூஜியில் மனசு ஒட்டிக்கொண்டாலும் பன்னிரண்டரைக்குக் கிளம்பிவிடுங்கள். மூன்றாம் நாள் முழுக்க ஒகுனோயினுக்கு.

இதில் கோஃபுகுஜியின் அசுரரும் தோஷோதாய்ஜியும் விட்டுப்போகும். நாலாவது நாள் ஒன்று எப்படியாவது கிடைத்தால் அதைக் கியோட்டோவில் சேர்க்காமல் நாராவில் சேருங்கள். அப்பா இந்த வருஷம் மறுபடி வருகிறார், டிக்கெட் போட்டாகிவிட்டது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், ஹோர்யூஜிப் பகோடாவின் வடக்குப் பக்கத்துக்கு ஒரு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போகலாமா என்று. அங்கே விடுவார்களா என்று தெரியாது என்று சொல்லி, காலையில் எத்தனை மணிக்கு வெளிச்சம் நன்றாக உள்ளே விழும் என்று போய்ப் பார்த்துவைக்கிறேன் என்றேன். அடுத்த சனிக்கிழமை கதவு திறக்கிற எட்டு மணிக்கே போகப் போகிறேன்.